மூச்சுக்குழாய்ச் செல்களின் பிடிமானம்

சென்ற மார்கழியில் அத்தைக்கு இரண்டு வாரம் விடாத இருமல். ஒரு நாள் இரவு, விலா நோக இருமி ஓய்ந்து, வெந்நீரை ஒரு வாய் விழுங்கிவிட்டு, "ஏம்ப்பா, இந்த இருமு இருமுறேனே, உள்ள இருக்கிற தோலெல்லாம் பிய்ஞ்சு வந்துடாதா?" என்று கேட்டார். மனித மூச்சுக்குழாயின் உட்புறச் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பதுதான் என் பிழைப்பு என்பது அவருக்குத் தெரியும் என்பதால், அது வெறும் புலம்பல் அல்ல. விடை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி. "வராது அத்தை, தூங்குங்க" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டேன். படுத்த பிறகுதான், அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி என்பதும், நான் சொன்ன பதில் பாதிதான் உண்மை என்பதும் உறைத்தன. மீதிப் பாதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த உட்புறத் தோலை எபிதீலியம் என்கிறோம். நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று உரசிச் செல்லும் அந்தப் பரப்பு, மூச்சுப் பெருங்குழாயில்கூடத் தலைமயிரின் கனத்தை எட்டாத ஒரு மெல்லிய விரிப்பு. அதைக் குறுக்குவெட்டாக நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கருக்கள் மேலும் கீழுமாகக் கிடப்பதால் நான்கைந்து அடுக்குகள் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் எல்லாச் செல்களின் பாதமும் ஒரே தரையைத் தொட்டிருப்பதால்தான் அதற்குப் போலியடுக்கு எபிதீலியம் என்று பெயர் வந்தது. உயரமான செல்களில் பெரும்பாலானவற்றின் தலையில் இருநூறு என்ற அளவில் மயிரிழை போன்ற குற்றிழைகள் முளைத்து, நொடிக்குச் சுமார் பத்துத் தடவை அடித்து, சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நடுநடுவே அந்தச் சளியைச் சுரக்கும் கோப்பை வடிவச் செல்கள் நிற்கின்றன. அடியில், தரையோடு தரையாகக் குந்தியிருப்பவை குட்டையான அடித்தளச் செல்கள். மேலே நிற்பவை அழிந்தால் அவற்றின் இடத்துக்குப் புதியவற்றை ஈன்று தருபவை இவையே.

இவையெல்லாம் ஒன்றாக நிற்பதை விளக்க, செங்கல்லும் சிமெண்டும் என்ற உவமையைப் பலர் எடுத்தாளுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிமெண்டு ஒரு முறை இறுகினால் இறுகியதுதான். இந்தச் செல்களின் பிடியோ சில மணி நேரத்துக்குள் பழையது உள்ளே இழுக்கப்பட்டுப் புதியது வெளியே நீட்டப்படும் பிடி. தேர்த் திருவிழாவில் கூட்டம் சாயாமல் தடுக்க ஒருவர் முழங்கையை ஒருவர் பிணைத்து நிற்கும் தொண்டர்களின் வரிசையைச் சொன்னால் கொஞ்சம் நெருங்கி வரலாம். அங்கே ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வரிசை மட்டும் நிற்கும்.

படித்தபோது இதை நான் முழுதாக நம்பவில்லை. கையால் செய்தபோதுதான் நம்பினேன். தட்டின் அடியில் செல்கள் இடைவெளியின்றி நிரம்பியதும் அவற்றைப் பிரித்து வேறு தட்டுகளுக்கு மாற்ற வேண்டியிருக்கும். பழைய ஊட்டநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, உப்புநீரில் அலசி, டிரிப்ஸினும் ஈடிடிஏவும் கலந்த கரைசலைச் சில மில்லிலிட்டர் ஊற்றி, 37 டிகிரிப் பெட்டிக்குள் வைப்போம். சில நிமிடங்கள் கழித்து எடுத்துப் பார்த்தால், அதுவரை தரையில் பதித்த ஓடுகளைப் போல விளிம்போடு விளிம்பு பொருந்தியிருந்த செல்களுக்கிடையே முதலில் மெல்லிய வெளிச்சக் கோடுகள் தோன்றும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகள் அகலும். பிறகு செல்கள் ஒவ்வொன்றாக உருண்டு திரண்டு பளபளக்கும். தட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மொத்தமும் கலங்கி மிதக்கும். டிரிப்ஸின் புரதங்களை வெட்டும் நொதி என்பதால் அதன் பங்கு எளிதில் விளங்கிவிடுகிறது. ஈடிடிஏ எதையும் வெட்டுவதில்லை; கரைசலில் இருக்கும் கால்சியத்தைக் கவ்விக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனாலும், ஈடிடிஏ சேர்க்காமல், கால்சியம் உள்ள நீரில் டிரிப்ஸினை மட்டும் ஊற்றிப் பார்த்தால் செல்கள் ஒன்றையொன்று விடாமல் அடையடையாகப் பெயர்ந்து வருகின்றன.

இந்த வேறுபாட்டைக் கவனித்த ஒருவரிடமிருந்துதான் இத்துறையின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று பிறந்தது. 1970களின் நடுவில், ஜப்பானின் கியோட்டோவிலிருந்து மசாதோஷி தாகெய்ச்சி என்ற இளம் ஆய்வாளர் அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள கார்னகி ஆய்வகத்துக்குச் சென்றார். கியோட்டோவில் டிரிப்ஸினால் பிரித்த செல்களை மெல்லக் கலக்கினால் அவை மறுபடி கூடிக்கொண்டன. பால்டிமோரில் பிரித்தவை கூட மறுத்தன. காரணத்தைத் தேடியபோது, பால்டிமோர் ஆய்வகத்தின் டிரிப்ஸின் கரைசலில் வழக்கமாகவே ஈடிடிஏ சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கால்சியம் இருக்கும்வரை டிரிப்ஸினின் வெட்டுக்குத் தப்பி நிற்கும், கால்சியம் போனதும் அதே வெட்டுக்கு இரையாகிவிடும் ஏதோ ஒரு புரதம்தான் செல்களைச் சேர்த்துப் பிடிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்து, 1977இல் அதை வெளியிட்டார். 1980களில் அந்தப் புரதம் கேட்ஹெரின் என்ற பெயரைப் பெற்றது. கால்சியத்தின் பெயரையும் ஒட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து உருவாக்கிய பெயர் அது. அடுத்தவர் ஆய்வகத்தின் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரிக்காமலே சோதனையைத் தொடங்குகிறவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) இந்தக் கதையை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும்.

மூச்சுக்குழாய்ச் செல்களில் இருப்பது ஈ-கேட்ஹெரின் என்ற வகை. செல்லின் சவ்வைத் துளைத்து வெளியே நீண்டிருக்கும் அதன் பகுதி, ஐந்து துண்டுகளைக் கோத்த ஒரு தண்டு. துண்டும் துண்டும் சேரும் ஒவ்வொரு கணுவிலும் கால்சியம் அமர்ந்து அதை விறைப்பாக நிறுத்துகிறது. கால்சியம் போய்விட்டால் தண்டு துவண்டுவிடும், துவண்ட கையால் எதையும் பற்ற முடியாது. விறைப்பாக நிற்கும்போது, தண்டின் நுனியிலுள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் எதிர்ச் செல்லின் கேட்ஹெரினில் அதற்கென்றே அமைந்த ஒரு குழிக்குள் நுழைந்துகொள்கிறது; எதிரே இருப்பதும் இதன் குழிக்குள் தன் டிரிப்டோபானை நுழைக்கிறது. ஒருவர் சட்டைப்பையில் மற்றவர் விரல் விட்டுக்கொண்டு நிற்பதைப் போன்ற ஏற்பாடு. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு பிடியும் வலுவற்றது. ஆயிரக்கணக்கில் அருகருகே சேரும்போதுதான் அது வலுவாகிறது.

என்னை மிகவும் கவர்வது செல்லுக்கு உள்ளே நடப்பது. கேட்ஹெரினின் உட்புற வாலைப் பீட்டா கேட்டனின் பிடிக்கிறது. அதை ஆல்பா கேட்டனின் பிடிக்கிறது. அது ஆக்டின் என்ற இழைகளைப் பற்றியிருக்கிறது. அந்த இழைகள் செல்லின் மேற்புறத்தைச் சுற்றி அரைஞாண் கயிறு போல ஓடுகின்றன. பக்கத்துச் செல் இழுக்கும்போது ஆல்பா கேட்டனின் நீண்டு, அதுவரை மடிப்புக்குள் மறைந்திருந்த ஒரு பகுதி வெளித்தெரிகிறது. அங்கே வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து ஒட்டி, மேலும் ஆக்டினைக் கூட்டிச் சேர்க்கிறது. ஆக, இழுத்தால் அறுந்துபோகும் முடிச்சாக இல்லாமல், இழுக்க இழுக்க இறுகும் சுருக்காக இந்த இணைப்பு அமைந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் விரிந்து சுருங்கும் குழாய்க்கு இப்படி ஓர் இணைப்பு இல்லாமல் முடியாது.

இந்தப் பிடிகள் செல்லின் உயரம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. 1963இல் மர்லின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் பல வகை எபிதீலியங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, செல்லும் செல்லும் உரசும் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக மூன்று இணைப்புகள் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பதை விவரித்தார்கள். உச்சியில், மூச்சுக்குழாயானால் காற்றை ஒட்டி, இரு சவ்வுகளும் உருகி ஒன்றானதுபோலத் தோன்றும் இறுக்க இணைப்பு. அதற்குச் சற்றுக் கீழே, நான் இதுவரை சொன்ன கேட்ஹெரின் பட்டை. அதற்கும் கீழே, சட்டைப் பொத்தான்களைப் போல அங்கங்கே டெஸ்மோசோம்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் படம் பாடநூல்களில் பெரிய மாற்றமின்றி நிற்கிறது.

உச்சியில் உள்ள இறுக்க இணைப்பின் முதன்மையான வேலை ஒட்டுவதல்ல, அடைப்பது. மேலிருந்து எதுவும் செல்களுக்கு இடையே புகுந்து கீழே கசியக்கூடாது. கீழிருக்கும் நீரும் உப்பும் கணக்கில்லாமல் மேலே ஊறிவிடவும் கூடாது. குற்றிழைகள் அடிப்பதற்கு அவற்றைச் சூழ்ந்து ஒரு மெல்லிய நீர்ப்படலம் அளவாக நிற்க வேண்டும். இந்த அடைப்பு இல்லாமல் அந்த அளவைக் காக்க முடியாது. இதை எந்தப் புரதம் செய்கிறது என்ற தேடல் சுவையானது. ஜப்பானில் ஷோயிச்சிரோ ட்சுகிதாவின் குழு 1993இல் கோழியின் கல்லீரலிலிருந்து ஆக்லூடின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தது. தேடியது கிடைத்துவிட்டது என்றே எல்லாரும் எண்ணினார்கள். பிறகு அதே குழு ஆக்லூடினே இல்லாத செல்களை உருவாக்கிப் பார்த்தபோது, அவற்றிலும் இறுக்க இணைப்பு குறையின்றி அமைந்திருந்தது. தாங்கள் கண்டுபிடித்த புரதம் முதன்மையானதல்ல என்பதைத் தாங்களே நிறுவிவிட்டு, மறுபடி அதே கல்லீரல் சாறுக்குத் திரும்பி, 1998இல் கிளாடின் என்ற வேறு புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். மூடுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இறுக்க இணைப்பே இல்லாத வேறு வகைச் செல்களில் கிளாடினைப் புகுத்தியதும் இணைப்பின் இழைகள் தோன்றின. இன்று இருபதுக்கும் மேற்பட்ட கிளாடின்கள் தெரியும். சில அடைப்பவை, சில குறிப்பிட்ட உப்பு அயனிகளுக்கு மட்டும் வழிவிடும் துளைகளாக அமைபவை. ட்சுகிதா 2005இல், ஐம்பத்திரண்டு வயதில் காலமாகிவிட்டார்.

இந்த அடைப்பை அளப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. மூச்சுக்குழாய்ச் செல்களைச் சாதாரணத் தட்டில் வளர்த்தால் அவை தட்டையாகவே இருந்துவிடும். அதனால் நுண்துளைகள் கொண்ட சவ்வை அடிப்பாகமாகக் கொண்ட சிறு கிண்ணங்களில் வளர்க்கிறோம். செல்கள் நிரம்பியதும் கிண்ணத்தின் உள்ளே இருக்கும் ஊட்டநீரை எடுத்துவிடுவோம். அவற்றுக்கு அடியிலிருந்து உணவு, மேலே வெறும் காற்று. உடலுக்குள் இருப்பது போன்ற நிலைமை வந்ததும் அவை நிமிர்ந்து உயரமாகின்றன, சளியைச் சுரக்கின்றன, மூன்று நான்கு வாரத்தில் குற்றிழைகள் முளைத்து அடிக்கத் தொடங்குகின்றன. சில கிண்ணங்களில் எல்லாக் குற்றிழைகளும் ஒரே திசையில் சுழற்றியடித்து, சளி வட்டமாகச் சுற்றுவதைப் பார்க்கலாம். வேலை இல்லாத நேரத்திலும் போய் எட்டிப் பார்க்கத் தூண்டும் காட்சி அது.

அளப்பதற்கு, சீனர்கள் சாப்பிடும் குச்சிகளைப் போன்ற இரட்டை மின்முனை ஒன்று உண்டு. நீளமான கால் கிண்ணத்துக்கு வெளியே, குட்டையான கால் உள்ளே. இரண்டுக்கும் இடையில் மிகச் சிறிய மின்னோட்டம் செல்லும்; செல்களுக்கிடையே அடைப்பு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு மின்தடை காட்டும். செல்களே இல்லாத கிண்ணத்தில் நூறு ஓம் சுற்றி நிற்கும் எண், நன்றாக வளர்ந்த கிண்ணத்தில் பல நூறாக ஏறும். அங்கே ஈடிடிஏவைச் சேர்த்தால் எண் கண்ணெதிரே சரிகிறது. கேட்ஹெரின் பிடி தளர்ந்ததும் அதற்கு மேலேயுள்ள இறுக்க இணைப்பும் குலைந்துவிடுகிறது என்பதே அதன் பொருள். கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் சில மணி நேரத்தில் மெல்ல ஏறி வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு கிண்ணத்தில் எண் திடீரென்று பாதாளத்துக்கு இறங்கியதைக் கண்டு, ஏதோ பெரிய விளைவைக் கண்டுவிட்டேன் என்று ஒரு நாள் முழுவதும் திளைத்திருந்தேன். குட்டைக் காலின் நுனியால் சவ்வை நானே குத்தியிருக்கிறேன் என்பது மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது.

இனி அத்தையின் கேள்விக்கு மிக நெருக்கமான இணைப்புக்கு வருகிறேன். டெஸ்மோசோமும் கேட்ஹெரின் குடும்பத்துப் புரதங்களால் ஆனதுதான். டெஸ்மோகிளீன், டெஸ்மோகாலின் என்பவை அவை. வேறுபாடு உள்ளே இருக்கிறது. இவை பற்றியிருப்பது ஆக்டினை அல்ல, நம் தலைமயிரும் நகமும் எந்த வகைப் புரதத்தால் ஆனவையோ அந்தக் கெரட்டினின் இழைகளை. செல்லுக்குச் செல் கெரட்டின் இழைகள் டெஸ்மோசோம் வழியாகத் தொடர்ந்து, திசு முழுவதும் ஒரே வலைபோல ஆகிவிடுவதால், ஓரிடத்தில் விழும் இழுவிசை எங்கும் பகிரப்படுகிறது.

ஆனால் பக்கவாட்டில் எவ்வளவு பிடித்தாலும், கீழே தரையைப் பிடிக்க வேண்டுமே. தரை என்பது அடித்தளச் சவ்வு. அதை உறுதியாகப் பற்றும் நங்கூரத்துக்கு அரை டெஸ்மோசோம் என்று பெயர். இன்டெக்ரின் என்ற புரதம் லாமினின் என்ற தரைப் புரதத்தைப் பிடித்துக்கொள்வது. வியப்பு என்னவென்றால், மூச்சுக்குழாயில் இந்த நங்கூரம் அடித்தளச் செல்களிடம்தான் இருக்கிறது. உயரமான குற்றிழைச் செல்களிடம் இல்லை. உயரமான செல்லின் பாதம் ஒடுங்கித் தரையைத் தொட்டிருந்தாலும், அது நிலைபெற்று நிற்பது பக்கத்தில் குந்தியிருக்கும் அடித்தளச் செல்லை டெஸ்மோசோம்களால் பிடித்துக்கொண்டுதான். குழாயின் எபிதீலியம் எங்கே உயரமோ அங்கே அடித்தளச் செல்கள் மிகுதி. நுண்ணிய கிளைகளில் எபிதீலியம் தாழத் தாழ அவையும் குறைகின்றன.

இந்த அமைப்பில் எந்த மூட்டு முதலில் விடும் என்பதற்கு ஆஸ்துமாவில் ஒரு சான்று கிடைக்கிறது. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர், கடுமையான இழுப்பு வந்த ஒருவரின் சளியைச் சாயமேற்றிய கண்ணாடி வில்லையை ஒரு முறை எனக்குக் காட்டினார். இழையிழையான சளிக்கு நடுவே கொழுக்கட்டைபோல ஒரு செல் உருண்டை. அதன் வெளி விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் வரிசையாகக் குற்றிழைகள். கிரியோலா உருண்டை என்று இதற்குப் பெயர். 1962இல் வெளியான ஒரு கட்டுரையில் நெய்லர் என்பவர் விரிவாக எழுதியது. முதல் பார்வையில் நோயின் அடையாளமாக மட்டும் தெரிந்த அந்த உருண்டையை, நான் வெகுநேரம் வேறொரு காரணத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் செல்கள் தனித்தனியாக உதிரவில்லை. தரையை விட்ட பிறகும், குழாயை விட்ட பிறகும், சளியோடு வெளியே வந்து சாயத்தில் ஊறிய பிறகும், ஒன்றையொன்று விடவில்லை. பக்கத்துப் பிடி தாங்கிக்கொண்டது, அடிப்பிடி அறுந்தது. மூச்சுக்குழாயின் உட்புறத்திலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளையும் கழுவிய நீரையும் ஆராய்ந்தவர்கள் 1990களின் தொடக்கத்தில் இதையே உறுதிசெய்தார்கள்: பிளவு உயரமான செல்களுக்கும் அடித்தளச் செல்களுக்கும் இடையில் விழுகிறது, அடித்தளச் செல்கள் பெரும்பாலும் தரையிலேயே தங்கிவிடுகின்றன. ஈன்று தருபவை தங்கிவிடுவதால் மறுபடி வளர முடிகிறது. திசு எடுக்கும் கிடுக்கியே செல்களை உரித்துவிடுகிறது, அதை நோயின் வேலை என்று தவறாக எண்ணிவிட்டார்கள் என்ற எதிர்வாதமும் உண்டு. ஓரளவு நியாயமான வாதம்தான். இருமி வெளிவந்த உருண்டைக்குக் கிடுக்கி காரணமாக முடியாது என்பதால், எனக்கு உருண்டையின் மீதே நம்பிக்கை அதிகம். இந்த உருண்டைகள் ஆஸ்துமாவுக்கே உரியவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைரஸ் தொற்றிலும் வருவதுண்டு.

பிடியைக் குலைக்க வெளியிலிருந்து வருபவற்றில் ஒன்று நம் தலையணையிலேயே வாழ்கிறது. வீட்டுத் தூசுச் சிற்றுண்ணி, நாம் உதிர்க்கும் தோல் செதில்களைத் தின்று பிழைக்கும், கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் உயிரி; காற்றில் ஈரம் மிகுந்த ஊர்களில் அதற்குக் கொண்டாட்டம். அதன் எச்சத்தில் அதன் குடலிலிருந்து வந்த டெர் பி 1 என்ற நொதி இருக்கிறது. டிரிப்ஸினைப் போல அதுவும் புரதம் வெட்டிதான். அந்த நொதியைச் செல்களின் மேல் விட்டால், ஆக்லூடினில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வெட்டப்பட்டு இறுக்க இணைப்பு திறந்துகொள்வதை 1999இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது, ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் கதவைத் தட்டிக் காத்திருப்பதில்லை. பூட்டைத் தானே அறுத்துக்கொண்டு, கீழே காத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களிடம் போய்ச் சேர்கிறது. தட்டுகளில் நான் டிரிப்ஸினைக் கொண்டு செய்வதை, தூங்குகிறவரின் மூச்சுக்குழாயில் ஓர் உண்ணியின் எச்சம் சிறிய அளவில் செய்கிறது என்பது எனக்கு இன்னமும் கொஞ்சம் அருவருப்பான நினைப்பு.

வைரஸ்கள் இன்னும் தந்திரசாலிகள். அவற்றில் சில, பிடித்திருக்கும் புரதங்களையே கைப்பிடியாக்கிக்கொள்கின்றன. தட்டம்மை வைரஸ் காற்றில் வருவதால் மூச்சுக்குழாய்ச் செல்களின் மேற்புறம் வழியாகத்தான் நுழையும் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. நடப்பது நேர்மாறு. அது முதலில் நோயெதிர்ப்புச் செல்களைத் தொற்றி, உடலெல்லாம் சுற்றி, கடைசியில் எபிதீலியத்தின் அடிப்பக்கத்திலிருந்து மேலேறுகிறது. அங்கே அது பற்றும் புரதம் நெக்டின்-4 என்று 2011இல் கண்டறியப்பட்டது; கேட்ஹெரின் பட்டையோடு சேர்ந்திருக்கும், செல்லோடு செல்லை இணைக்கும் புரதங்களுள் ஒன்று அது. உள்ளே வந்த விருந்தாளி வாசல் வழியாக வெளியேறி, இருமலில் அடுத்தவரிடம் போகிறது. அடினோவைரஸின் கதையும் இதற்கு இளைத்ததல்ல. தொற்றிய செல்லுக்குள் அது தன் உறுப்புகளைத் தேவைக்கு மிக அதிகமாகச் செய்கிறது. அவற்றுள் நார் போன்ற ஒன்று வெளியே கசிந்து, செல்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு புரதத்தில் போய் மாட்டிக்கொண்டு பிடியை விலக்க, அந்த இடுக்கு வழியே வைரஸ் மேலேறி வெளியேறுகிறது. சளிக்காய்ச்சலைத் தரும் ரைனோவைரஸின் சி வகை பற்றுவதும் கேட்ஹெரினின் உறவுப் புரதம் ஒன்றைத்தான். அந்தப் புரதத்தின் மரபணுவில் உள்ள ஒரு மாறுபாடு, சிறுவயதில் மருத்துவமனை வரை கொண்டுபோகும் கடும் ஆஸ்துமாவோடு தொடர்புடையது என்பது 2014இல் தெரியவந்தது.

இத்தனைக்கும் நடுவே, நலமான எபிதீலியமும் தினமும் செல்களை வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஓட்டை விழாமல் அதை எப்படிச் செய்கிறது என்பதுதான் அழகு. போக வேண்டிய செல் ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. சுற்றியிருக்கும் செல்கள் ஆக்டினாலும், அதை இழுக்கும் மயோசின் என்ற புரதத்தாலும் ஒரு வளையம் கட்டி, சுருக்குப் பையின் வாயை இழுப்பதுபோல அதை நெருக்குகின்றன. அது மேலே பிதுங்கி வெளியேறும்போதே அவை அதற்குக் கீழே ஒன்றையொன்று தொட்டுக் கை பிணைத்துக்கொள்கின்றன. நெரிசல் மிகுந்தால் இப்படிச் சிலவற்றை வெளியேற்றி இடம் செய்துகொள்வதும் வழக்கம். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜோடி ரோசன்பிளாட்டின் குழு 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை ஆஸ்துமாவோடு இணைத்தது. இழுப்பு வரும்போது குழாயைச் சுற்றிய தசை சுருங்குகிறது; உள்ளே இருக்கும் எபிதீலியம் கசங்கி நெரிசலாகிறது; நெரிசல் மிகுந்ததும் வளையங்கள் அளவுக்கு மீறிச் செல்களைப் பிதுக்கித் தள்ள, தடுப்புச் சுவர் பொத்தலாகி, அழற்சியும் சளியும் தொடர்கின்றன. இழுப்புக்கு இன்ஹேலரில் தரும் சால்பியூட்டமால் என்ற மருந்து தசையைத் தளர்த்தியதே தவிர, இந்தச் சேதத்தைத் தடுக்கவில்லை. வெளியேற்றும் சமிக்ஞையைத் தடுத்தபோதுதான் எலிகளில் சேதம் தணிந்தது. இன்ஹேலரை ஒதுக்கி வைக்கச் சொல்லும் செய்தியல்ல இது. திணறலின்போது மூச்சைத் திறந்துவிடுவது அதுதான். ஆனால் என் துறைக்கு இது ஒரு திருப்பம். ஆஸ்துமாவில் செல்கள் உதிர்வதை இத்தனை நாள் நாங்கள் பெரும்பாலும் பிடி தளர்ந்ததன் விளைவாகவே பார்த்துவந்தோம். பக்கத்துச் செல்கள் பிடித்துத் தள்ளுவதாலும் உதிரலாம் என்றால், என் மின்முனை காட்டும் எண் சரியும்போது இரண்டில் எது நடந்தது என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இப்போதெல்லாம் எண்ணைக் குறித்த கையோடு, கிண்ணத்தின் மேற்புறத்தை அலசிய நீரையும் நுண்ணோக்கியில் பார்த்து, மிதந்து வந்த செல்களை எண்ணுகிறேன்.

பொங்கலுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும் சாக்கில், சிற்றுண்ணியைப் பற்றியும் சளியில் வரும் உருண்டைகளைப் பற்றியும் அத்தையிடம் சொன்னேன். தலையணை உறைகளையெல்லாம் உருவி வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு, தலையணைகளை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ கொஞ்சம் பிய்யத்தானே செய்யுது. அன்னைக்கு வராதுன்னு சொன்னே?"